சொன்னநாளின் கடைசிச் சீட்டு

ரப்பர்க் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த மாவு இன்னும் சூடாக இருந்தது.

பெரிய சூடு இல்லை. ஒருத்தன் இப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியுமே, அவ்வளவுதான். ஆனால் பிளாஸ்டர் மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது இறுகும்போது தானாகவே சூடேறும், அரை மணி நேரத்தில் ஆறிக் கல்லாகிவிடும். இருபத்தேழு வருஷமாகப் பல்செட் செய்கிறவருக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இப்போது மணி ஒன்பது. அப்படியென்றால் எட்டரைக்கு மேல் யாரோ இந்த மேசையில் உட்கார்ந்து மாவு குழைத்திருக்கிறார்கள்.

லேபுக்குச் சாவி இரண்டு. ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று தம்பியுடையது. ஆஸ்பத்திரியில் தம்பியின் சட்டையை மடித்துக் கொடுத்த நர்ஸ் அந்தச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தாள். இரண்டும் இப்போது அண்ணனின் பையில்தான் கிடந்தன.

தம்பி இறந்து நாலு நாள் ஆகிறது.

அண்ணன் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். மாவின் ஈர வாசனைக்கு அடியில் லேசாகக் கிராம்பு மணத்தது. தம்பி எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பான். பூட்டிக் கிடந்த அறையில் வாசனை தங்கத்தானே செய்யும், நேற்று பெருக்க வந்தவள் கிண்ணத்தில் ஏதோ வெந்நீர் ஊற்றியிருப்பாள் என்று அண்ணன் முடிவுகட்டினார். பெருக்குகிறவளுக்குச் சாவியே கிடையாது. விலை போகாத சரக்கைத் தன் தலையிலேயே கட்டிக்கொள்ளும் வியாபாரியைப் போல அந்தச் சமாதானத்தை அவரே சொல்லி அவரே வாங்கிக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் அந்த மாடியில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். கீழ்த்தளத்தில் டாக்டரம்மாவின் பல் கிளினிக். அவர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து மேலே அனுப்புவார். இவர்கள் அந்த அச்சில் மாவு ஊற்றி வெள்ளைத் தாடை எடுத்து, மெழுகில் ஈறு வைத்து, பல் அடுக்கி, செட்டாக்கிக் கீழே அனுப்புவார்கள். கை இரண்டும் ஒரே அப்பாவிடம் பழகிய கை. பேர்தான் வேறு வேறு.

தம்பிக்குப் பேர் சொன்னநாள். புதன்கிழமை அஞ்சு மணி என்று அவன் சீட்டில் எழுதிவிட்டால் மழை கொட்டினாலும் கரண்ட் போனாலும் காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் புதன்கிழமை அஞ்சு மணிக்கு டாக்டரம்மாவின் வாசல் கொக்கியில் பை தொங்கும். அண்ணனுக்கும் ஒரு பேர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் படியேறும்போது, டாக்டரம்மா நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்துவிட்டது.

"மேல போய் யாரு இருக்காங்கன்னு பாரு. சொன்னநாள் இருந்தா இந்த அச்சைக் குடு. நாளைக்கு இருந்தா பேசாம திரும்பி வந்துடு."

நாளைக்கு. அவர்தான் அந்த நாளைக்கு. எப்போது கேட்டாலும் "நாளைக்கு வாங்களேன்" என்கிறவர்.

அண்ணனுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். தெரிந்ததால்தான், தம்பி ஒரு பல்லை மெழுகில் வைத்து, கட்டைவிரலால் ஒரே ஒரு அழுத்து அழுத்தி, மேற்கொண்டு தொடாமல் அடுத்த பல்லுக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டு வரும். தான் அதே பல்லை ஏழு தடவை எடுத்து வைப்பார். எட்டாவது தடவை அலுத்துப்போய் டீ குடிக்கப் போய்விடுவார். வீட்டுக்குப் போனால் மனைவியும் விடமாட்டாள். "கொழுந்தன் சொன்னபடி சாயந்திரமே வந்து குழாயை மாட்டிட்டுப் போயிட்டாருங்க. நீங்க ஆறு மாசமா பார்த்துக்கிட்டே இருந்த குழாய்" என்பாள். அவள் அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் எரிந்தது.

தம்பியைவிட அவரிடம் ஒன்றே ஒன்று உசத்தி. பல். தம்பிக்கு முப்பது வயசிலேயே முன்பல் இரண்டும் போய், தான் செய்ததைத் தானே மாட்டிக்கொண்டு திரிந்தான். அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயசிலும் முப்பத்திரண்டும் முத்து. மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் மட்டும் லேசாக உள்பக்கம் திரும்பியிருக்கும், அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது. யாராவது தம்பியைப் புகழ ஆரம்பித்தால் அவர் எதிர்வார்த்தை பேசமாட்டார். வாய் நிறையச் சிரிப்பார். அவ்வளவுதான் அவரிடம் இருந்த சரக்கு.

ஒரே ஒரு தடவை அவன் நாள் தவறிப் பார்க்க வேண்டும். அது அவருக்கு ஆசை என்பதைத் தாண்டி ஒரு வியாதியாகவே ஆகியிருந்தது.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது, அண்ணன் லேபுக்கு வந்து அச்சுப் பசையைக் குழைத்துத் தட்டில் வைத்துத் தன் வாயிலேயே அழுத்திக்கொண்டார். மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டும். திங்கட்கிழமை காலையில் அதைத் தம்பியின் மேசையில் வைத்து, வெளியூரில் யாரோ ஒரு டாக்டர் அனுப்பியது என்றார். அத்தனை பல்லும் ஒரே நாளில் பிடுங்கப் போகிறார்களாம், அன்றைக்கே முழு செட்டும் மாட்ட வேண்டுமாம். இப்படிப்பட்ட செட்டுக்கு வேலைமுறையே வேறு. வாயில் பல் இருக்கும்போதே எடுத்த அச்சு என்பதால் வெள்ளைத் தாடையிலும் பல் இருக்கும். அந்த மாவுப்பல்லை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செட்டுப்பல்லை வைக்க வேண்டும். மூன்று வாரம் பிடிக்கும். அண்ணன் பன்னிரண்டு நாள்தான் கொடுத்தார். அதுவும் தம்பியின் ஆணியில் ஏற்கெனவே நாலு சீட்டு தொங்கிக்கொண்டிருந்தபோது.

தம்பி அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அண்ணனின் வாயைப் பார்த்தான்.

"கோரைப்பல் ஒண்ணு உள்ள திரும்பியிருக்குண்ணே. மத்தபடி பூச்சி இல்லை, ஓட்டை இல்லை. இதை எதுக்குப் பிடுங்கறாங்களாம்?"

"நமக்கெதுக்குடா ஊர்க்கதை? கேக்கறாங்க, செய்யணும்."

"கேக்கறவருக்கு நிஜமாவே வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்."

"ஏன், உன்னால முடியாதா? முடியலைன்னா சொல்லிடு. ஒண்ணும் தப்பில்லை. நாளைக்கு வாங்கன்னு சொல்லிடலாம்."

தம்பி சிரிக்கவில்லை. "முடியும்ணே. தரேன்னு சொல்லிட்டா அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதுக்காகத்தான் கேக்கறேன்."

"வேணுமாம்" என்றார் அண்ணன்.

தம்பி கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சீட்டை எழுதினான். சனிக்கிழமை, சாயந்திரம் ஆறு மணி. ஆணியில் ஐந்தாவதாக மாட்டினான்.

அந்த வாரமே புதன்கிழமை அவனுக்கு நெஞ்சு வலித்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டான். வியாழக்கிழமை சாயந்திரம், மூக்கில் குழாயோடு படுத்திருந்தவன் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஆணியில அஞ்சு சீட்டு இருக்குண்ணே. நாள் தவறாம குடுத்துடறியா?"

"குடுத்துடறேன்டா. நீ தூங்கு."

"முடியலைன்னா இப்பவே சொல்லிடு. நானே பார்த்துக்கறேன்."

"குடுத்துடறேன்னு சொல்றேன்ல."

அந்த நேரத்தில் அண்ணனுக்கு அழுகை வந்தது உண்மை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்ததும் அந்த அழுகைக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி ஊறியதும் உண்மை. ஐந்து சீட்டு. ஐந்தும் நாள் தவறும். செத்தவன் பேரில் தப்பு சொல்ல யாருக்கும் மனசு வராதுதான், ஆனாலும் டாக்டரம்மா ஒரு பெருமூச்சாவது விடுவார். 'அவரும் மனுஷன்தானே' என்பார். அது போதும்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை லேபைத் திறந்தபோது வேலை செய்யும் எண்ணம் அண்ணனுக்கு அறவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்து நாள் தவறுவதைக் கண்ணால் பார்க்க வந்திருந்தார். முதல் சீட்டின் நேரம் அன்றைக்குப் பத்து மணி.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குப் போன் அடித்தது.

"செட் வந்துடுச்சுங்க" என்றார் டாக்டரம்மா. குரல் கம்மியிருந்தது. "கொக்கியில மாட்டியிருந்துச்சு, எப்பவும் போல. இந்த நேரத்துலயும் அவர் வாக்கைக் காப்பாத்தியிருக்கீங்களே. வாயில வெச்சதும் அப்படியே உக்காந்துடுச்சு. அவர் முன்னாடியே முடிச்சு வெச்சிருந்ததா?"

அண்ணன் ஆணியைப் பார்த்தார். நாலு சீட்டுதான் தொங்கியது. முடிந்த சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பியில், எல்லாவற்றுக்கும் மேலே, முதல் சீட்டு.

"நான்தாங்க செஞ்சேன்" என்றார். பயப்பட வேண்டிய இடத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"அப்படியா?" என்றார் டாக்டரம்மா. "அப்படியே உங்க தம்பி கை."

போனை வைத்தபின் அண்ணனுக்கு முதுகில் வியர்த்திருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் எரிந்தது பயம் இல்லை. செத்தும் பேர் வாங்குகிறான்.

அன்றே பூட்டை மாற்றினார். கைதேர்ந்த வேலைக்காரன் எவனையோ தம்பி ரகசியமாக ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான், அவனிடம் மூன்றாவது சாவி இருக்கிறது என்பது அவர் கணக்கு. புதுப் பூட்டு, கனத்த பூட்டு. புதன்கிழமை காலையில் அதைத் தன் கையால் திறந்து உள்ளே போனால், செட்டுக்கான ரோஜா நிறப் பொடியில் ஊற்றும் திரவத்தின் வாடை மூக்கைத் துளைத்தது. பெட்ரோலும் அழுகிய பழமும் சேர்ந்த மாதிரியான அந்த வாடை, பாத்திரத்தை மூடிய கால் மணி நேரத்தில் போய்விடக்கூடியது. பாலிஷ் மோட்டாரைத் தொட்டார். சூடு. தம்பியின் நாற்காலி, எப்போதும் அவன் எழுந்தால் தள்ளிவிட்டுப் போகிற கோணத்தில், ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆணியில் மூன்று சீட்டு.

கீழே நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "சொன்னநாள் போயும் சொன்ன நாள் தவறல பாருங்க."

அண்ணன் படியில் நின்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, கடைவாயில் ஒரு பல் லேசாக அசைந்தது.

வியாழக்கிழமை அவர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். படியில் பாதி ஏறும்போதே சத்தம் கேட்டது. டக். டக். டக். மேல்தாடையும் கீழ்த்தாடையும் போல மூடித் திறக்கும் இரும்புத் தாடை ஒன்று லேபில் உண்டு. வெள்ளைத் தாடை இரண்டையும் அதில் பொருத்தி, கடித்துப் பார்க்க வைத்து, பல்லோடு பல் சரியாகப் படிகிறதா என்று சோதிப்பார்கள். தம்பி அதை மூன்று தடவை தட்டுவான். நிறுத்துவான். நீலக் கார்பன் தாளை நடுவில் வைத்து மறுபடி மூன்று தடவை. எந்தப் பல் உயரமோ அதில் நீலம் படியும். அந்தத் தாளை உருவும் சரசரப்பும் கேட்டது.

பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தார். சத்தம் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. ஜன்னலுக்குக் கம்பி. மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வட்ட வெளிச்சத்தில் இரும்புத் தாடை பாதி திறந்தபடி நின்றது. அதில் ஒரு ஜோடி வெள்ளைத் தாடை. அவருக்கு அதை அடையாளம் காண அரை விநாடிகூட ஆகவில்லை. திரும்பிய கோரைப்பல்.

அவருடைய வாய்.

மேல்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் நாலு நாலு அறுத்து எடுக்கப்பட்டிருந்தன. அறுத்த இடம் வழவழவென்று, தம்பிக்கே உரிய நேர்த்தியோடு, ஈறு போலத் தேய்க்கப்பட்டிருந்தது. மேசையில் மாவுத்தூள். அதில் விரல் வைத்துத் துடைத்த தடம்.

அண்ணன் நாக்கைக் கடைவாய்க்குக் கொண்டுபோனார். பல் ஒன்று நாக்கின் மேல் உருண்டது. வலி இல்லை. ரத்தம் இல்லை. இன்னொன்று. இன்னொன்று. புளியங்கொட்டை துப்புகிற மாதிரி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். எட்டு.

எதையும் வீணாக்கத் தெரியாத குடும்பம். எட்டையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியில் போட்டு மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஆணியில் தொங்கிய கடைசிச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். நோயாளி பேர் என்ற இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும், அவர் பேர் எதுவும் சொல்லவில்லை. அதில் தம்பியின் கையெழுத்தில், சாய்வில்லாத அந்தப் பாழாய்ப்போன அழகான கையெழுத்தில், ஒரே வார்த்தை எழுதியிருந்தது.

அண்ணன்.

அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

சுத்தியலை எடுத்தார். அந்த வெள்ளைத் தாடையை உடைத்துவிட்டால் வேலை நின்றுவிடும். தலைக்கு மேலே ஓங்கினார். ஓங்கிய கணத்தில் தன் தாடை எலும்பு முழுக்க, காதுவரைக்கும், ஒரு கூச்சம் ஓடியது. ஐஸ் கட்டியைக் கடித்தாற்போல. கையை இறக்கினார். மெல்ல, மிக மெல்ல, வெள்ளைத் தாடையின் மேல் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் ஈறு எரிந்தது.

அதைத் துணியில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சீட்டின் குறுக்கே 'ரத்து' என்று எழுதினார். இரண்டு தடவை எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை முகம் கழுவும்போது கீழ்வரிசை முழுவதும் தொட்டியில் விழுந்தது. மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டாள். அவருக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னார், அச்சு எடுத்ததிலிருந்து. பாதிப் பேச்சு காற்றாகப் போயிற்று. அவள் அலறவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"ஏங்க, கேட்டது நீங்கதானே?"

"நாந்தான்."

"அப்ப வேண்டாம்னும் நீங்கதான் சொல்லணும். எழுதி வெச்சா எப்படி? அவர்கிட்ட போய் வாயால சொல்லுங்க. ஏன் கேட்டீங்கன்னும் சொல்லுங்க."

"செத்தவன்கிட்டயா?"

"வேலை பார்க்கறவர்கிட்ட" என்றாள் அவள். பிறகு மெதுவாக, "கொழுந்தன் கேட்டா விட்டுக்கொடுப்பாருங்க. அவர் மனசு அப்படி" என்றாள்.

இப்போதுகூட. இந்த நிலைமையிலும்கூட அவன் மனசு. பல்லில்லாத கீழ்த்தாடையை மேல்பல்லால் அழுத்திக்கொண்டு அண்ணன், "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு லேபின் படியில் ஏறினார். மேல்வரிசையில் மூன்று பல் மிச்சம். கிளினிக் பூட்டியிருந்தது. மாடி ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்து, அறையில் மிதந்த மாவுத்தூள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பீரோ பூட்டியபடியே இருந்தது. துணி மட்டும் மடித்து அதன் மேல் வைக்கப்பட்டிருந்தது.

தம்பியின் மேசையில் தண்ணீர்க் கிண்ணம். அதில் செட்.

அண்ணன் மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றார். தொண்டையைச் செருமினார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தார். தம்பி, எனக்கு வேண்டாம்டா. உன்னைத் தோற்கடிக்கத்தான் கேட்டேன். உன்னை மாதிரி என்னால் முடியாது. அவ்வளவுதான். மூன்றே வாக்கியம்.

"தம்பி" என்றார்.

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. கவனித்துக் கேட்பதற்குத் திரும்புகிற சத்தம்.

கிராம்பு வாசனை.

"தம்பி, எனக்கு..."

சொல்லிவிட்டிருப்பார். ஆனால் கண் கிண்ணத்துக்குப் போய்விட்டது. வெயில் தண்ணீருக்குள் இறங்கி அந்த ஈறின் மேல் விழுந்திருந்தது. அப்படி ஒரு ஈறை அவர் தன் ஆயுசில் பார்த்ததில்லை. நரம்பு ஓடுகிற இடத்தில் நிறம் ஒரு மாற்று கூடியும், பல்லின் கழுத்தில் ஒரு மாற்று குறைந்தும், உயிருள்ளதைப் போல நனைந்து கிடந்தது. அதில் பதித்திருந்த பல் கடைப்பல் இல்லை. அவர் சட்டைப்பையைத் தடவினார். விழுந்த பல்லையெல்லாம் போட்டு வைத்திருந்த டப்பியைத் திறந்தார். காலி.

இருபத்தொன்பது பல்லும் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. மறுபடி தொடாமல். தொட அவசியமில்லாமல்.

இருபத்தேழு வருஷத்து நெருப்பும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. மூன்று வாக்கியமும் அதில் கருகிப்போயின. எந்தக் கடையிலும், எந்தச் சரக்கிலும், வாங்க வந்தவன் முதலில் சொல்லுவதையே அவரும் சொன்னார்.

"கோரைப்பல் திரும்பினாப்பல இருக்கே. இதா உன் வேலை?"

அறையில் எதுவும் அசையவில்லை.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. குறை சொல்கிறவன் வாங்க வந்தவன். வேண்டாதவன் குறை சொல்லமாட்டான்.

"இல்லை. இல்லடா. நான் அதைச் சொல்ல வரல..."

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாகத்தான். வேலை நேரத்தில் தூசு வராமல் தம்பி சாத்துவது போல.

மிச்சமிருந்த மூன்று பல்லும் நாக்கின் மேல் விழுந்தன.

கிண்ணத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். எதையோ எடுத்து உதறிய சத்தம். மோட்டார் சுற்றியது, கொஞ்ச நேரம். நின்றது.

அவர் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. நாற்காலி சூடாக இருந்தது.

அவர் கீழுதட்டை ஒரு கட்டைவிரல் இறக்கியது. குளிர்ந்த விரல். நுனியில் மாவு காய்ந்து சொரசொரத்தது. விரல் கண்ணுக்குத் தெரியவில்லை. உதடு இறங்குவது மட்டும் எதிரே இருந்த கண்ணாடியில் தெரிந்தது. வாய் திறந்தது. ஈறு இரண்டும் வழவழவென்று, பள்ளமே இல்லாமல், அங்கே எப்போதும் பல் இருந்ததே இல்லை என்பது போல இருந்தன.

முதலில் கீழ். பிறகு மேல். கட்டைவிரல் மேலண்ணத்தில் ஒரு அழுத்து அழுத்தியது.

ஒரே ஒரு அழுத்து.

பொருந்திவிட்டது.

நீலத்தாள் உதட்டுக்கு இடையில் நுழைந்தது. அதன் மெழுகு வாசம். அதற்குமேல் கிராம்பு. அவர் கன்னத்துக்குள்ளே கிராம்பு.

டக். டக். டக்.

அவர் கடிக்கவில்லை.

ஆறு மணி. ஆணி காலியாக இருந்தது. கம்பியில் ஒரு சீட்டு கூடியிருந்தது. போன் அடித்தது. அவருடைய கை எடுத்தது.

"ஒரு முழு செட் வேலை இருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம் அவசரம். எப்பக் கிடைக்கும்?"

அண்ணன் உள்ளே, நாக்குக்கும் பின்னால், தொண்டைக்கும் கீழே, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு வார்த்தையைத் தள்ளினார். நாளைக்கு. நாளைக்குப் பேசலாம். நாளைக்கு வாங்க. காப்பாத்துங்க.

"வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிங்க" என்றது வாய். "உங்க கொக்கியில இருக்கும்."

எதிர்முனையில் டாக்டரம்மா சிரித்தார். இருபது வருஷத்தில் அவரிடம் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

"நீங்க அப்படியே உங்க தம்பி மாதிரி ஆயிட்டீங்க. இனிமே எனக்குக் கவலையே இல்லை."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல். அது அவர் காதுவழியாக வந்து, அவரிடம் நிற்காமல், வாய்க்குப் போயிற்று. வாய் அதை வாங்கிக்கொண்டு அழகாகச் சிரித்தது.

கை போனை வைத்தது. சீட்டு எழுதியது, சாய்வில்லாத எழுத்தில். ஆணியில் மாட்டியது. மெழுகுக் கத்தியை எடுத்து விளக்கில் காட்டியது. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியிருந்தது. எதிர்மேசை, அவருடைய மேசை, இருட்டிக்கொண்டு வந்தது. அதன்மேல் யாரோ இரும்புத் தாடையைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதில் பல் ஒன்றுகூட இல்லாத வெள்ளைத் தாடை.

அது மெல்லத் திறந்தது. மூடியது. மறுபடி அவசரமாகத் திறந்தது, மூடியது, திறந்தது. எதையோ சொல்லிவிடத் துடிப்பது போல.

சத்தம் வரவில்லை. மாவில் மாவு படிந்தது, அவ்வளவுதான்.